ராவிலே ஒண்ணு, ராத்திரி ஒண்ணு

வாசகர் கேள்விகளுக்குச் செங்கோட்டை சிஸ்டர் அக்காவின் பதில்கள். இந்த மாதம்: ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு.

கேள்வி: என் அத்தைக்கு 71 வயது. பக்கவாதம் வந்து திருவனந்தபுரத்தில் சேர்த்து 12 நாள் ஆகிறது. வலது கையும் காலும் வரவில்லை, பேச்சு குழறுகிறது. மூக்கில் டியூப், மூத்திரத்துக்கு ஒரு டியூப். வெள்ளிக்கிழமை டிஸ்சார்ஜ் என்று சொல்லிவிட்டார்கள். கூட இருப்பது என் வீட்டுக்காரர். நான் இங்கே இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறேன். என்னவெல்லாம் வாங்கி வைக்கணும் அக்கா? பயமாக இருக்கிறது.
(ஒரு மருமகள், புளியரை)

பதில்: கடிதத்தில் போன் நம்பர் இருந்ததால் அன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிட்டேன். பத்திரிகை கடைக்கு வரும்வரை வெள்ளிக்கிழமை காத்திருக்காது அல்லவா. பேசியதை மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் என்ன வாங்கணும் என்று கேட்டீர்கள். நான் திருப்பிக் கேட்டது, "ஆஸ்பத்திரியில யாரும்மா இருக்கா?" வீட்டுக்காரர். திங்கட்கிழமை அவர் கொல்லத்துக்கு வேலைக்குப் போய்விடுவார். டியூபில் கஞ்சி ஊற்றப்போவது நீங்கள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் 8 வருஷம், இந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரிகளில் 26 வருஷம் வெள்ளை உடுப்பு போட்டவள் நான். இத்தனை வருஷத்தில் நான் கண்ட பெரிய ஓட்டை இதுதான்: டிஸ்சார்ஜ் அன்றைக்கு நர்ஸ் சொல்வதைக் கேட்கிற காது ஒருத்தருடையது, வீட்டில் செய்கிற கை இன்னொருத்தருடையது. அந்தக் காதாவது முழுசாக இருக்குமா என்றால், பில், இன்சூரன்ஸ், வண்டி என்று பத்து இடத்தில் இருக்கும். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டு, ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். (ஆண்பிள்ளைகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். என் வீட்டுக்காரரும் அந்த ரகம்தான்.)

அதனால் பிள்ளைகளை உங்கள் அம்மாவிடம் விட்டுவிட்டு, புதன்கிழமையே போய் 'பைஸ்டாண்டர்' (நோயாளிக்குத் துணை இருப்பவர்) சீட்டை மாற்றி வாங்கிக்கொண்டு வார்டில் இருங்கள் என்றேன். வேடிக்கை பார்க்க அல்ல, செய்ய. "சிஸ்டர், இந்த வேளை நான் ஊத்துறேன், நீங்க நின்னு பாருங்க" என்று கேட்கணும். மாட்டேன் என்று சொல்கிற நர்ஸ் அபூர்வம். அவளுக்கும் ஒரு வேலை மிச்சம்தானே.

டியூபில் ஊற்றுவதில் சூட்சுமம் கொஞ்சம் உண்டு. மூக்கை ஒட்டி டியூபின்மேல் பேனாவால் ஒரு கோடு போட்டுத் தரச் சொல்லுங்கள். ஒவ்வொரு வேளையும் முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கணும். நகர்ந்திருந்தால் ஊற்றக் கூடாது. டியூப் வெளியே வந்துவிட்டால் நாமாக உள்ளே தள்ளவே கூடாது, அது நுரையீரல் பக்கம் போய்விடலாம். தலைமாட்டை உயர்த்தி, ஈசிச்சேரில் சாய்ந்த மாதிரி வைத்துக்கொண்டு, 50 மில்லி சிரிஞ்சின் தண்டை எடுத்துவிட்டுக் குழாயை மட்டும் மாட்டுங்கள். கஞ்சி தன்னால் இறங்கட்டும். கையை உயர்த்தினால் வேகம், தாழ்த்தினால் மெதுவு. நாலு வேளை செய்தால் கைக்கு வந்துவிடும். சிரிஞ்சு காலியாவதற்குள் அடுத்ததை ஊற்றிவிடணும், இல்லாவிட்டால் காற்று போய் வயிறு உப்பும். கேழ்வரகுக் கஞ்சி என்றால் வெள்ளைத் துணியில் வடிகட்டித்தான். கடைசியில் 30 முதல் 50 மில்லி தண்ணீர். அதை மறந்தால் கஞ்சி உள்ளேயே காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு முக்கால் மணி, ஒரு மணி நேரம் அப்படியே சாய்ந்திருக்கட்டும். ஊற்றின கையோடு படுக்க வைத்து, மூணாம் நாள் காய்ச்சலும் இளைப்புமாகத் திரும்பி வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இருமினாலோ முகம் கறுத்தாலோ உடனே நிறுத்துங்கள்.

இன்னொன்று. "பாவம், நாக்குக்கு ருசியா ஒரு வாய் காபி" என்று டம்ளரோடு ஒரு சித்தி வருவார். விழுங்குவதைச் சோதித்துப் பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். சித்திக்கே அந்தக் காபியைக் கொடுத்துவிடுங்கள்.

மூத்திரப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல் தொங்கணும். முக்கால் பை நிறையும்வரை காத்திருக்காமல் காலி செய்துவிடுங்கள். இந்த டியூபை எந்தத் தேதியில் மாற்றணும், எப்போது எடுத்தே விடலாம் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். இதைக் கேட்க மறந்து, மாதக்கணக்கில் ஒரே டியூபோடு வந்தவர்கள் உண்டு.

இனி வாங்குவது. காற்று மெத்தை ஒன்று, வாடகைக்கும் கிடைக்கும். கட்டில் ஒன்று, நீங்கள் குனிந்து முதுகொடியாத உயரத்தில். நடுவில் ஓட்டை போட்ட காற்றுத் தலையணை வேண்டாம், அது ஓட்டையைச் சுற்றி ரத்தம் ஓடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மெத்தை இருக்கிறதே என்று விட்டுவிடாமல், இரண்டு மணிக்கு ஒரு தரம் புரட்டிப் படுக்க வைக்கணும். குதிகால், வால் எலும்பு, தோள்பட்டை மூன்றையும் தினமும் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்துச் சிவக்கணும். வெளுக்காமல் சிவப்பாகவே நின்றால் படுக்கைப்புண் ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம்ம ஊருக்கென்று ஒன்று சொல்கிறேன். இது ஆனி மாதம். சாரல் பிடித்தால் ஒரு விரிப்பு காய மூன்று நாள் ஆகும். ஈர விரிப்பில் படுக்க வைத்தால் எந்த மெத்தையும் காப்பாற்றாது. அதனால் மெல்லிய பருத்தி விரிப்பு பத்தாவது சேர்த்து வையுங்கள். பழைய வேட்டியே போதும்.

தூக்கும்போது வராத கையைப் பிடித்து இழுக்காதீர்கள், தோள் கழன்றுவிடும். அந்தக் கைக்குக் கீழே எப்போதும் ஒரு தலையணை.

வண்டி. காலை பத்து மணிக்கு "போகலாம்" என்பார்கள், பில்லும் இன்சூரன்ஸ் சம்மதமும் வந்து சேர நாலு மணி ஆகும். புனலூர் தாண்டும்போதே இருட்டிவிடும், தென்மலையிலிருந்து ஆரியங்காவு வரை வளைவுக்கு மேல் வளைவு. வயிற்றில் கஞ்சியோடு அந்த வளைவுகளில் ஏறினால் வாந்தி வந்து புரையேறும். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் டியூபில் ஊற்றுவதை நிறுத்திவிடலாமா என்று சிஸ்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சர்க்கரை மருந்து போடுகிறவர் என்றால் கேட்காமல் நிறுத்தவே கூடாது. நேரம் போய்விட்டால் இன்னொரு ராத்திரி அங்கேயே இருந்துவிட்டு விடிந்ததும் கிளம்புவது மேல்.

கடைசியாக நீங்கள் போனை வைக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டது: வைத்தியசாலையில் பிழிச்சல் (சூடான எண்ணெயைத் துணியால் உடம்பில் பிழிந்து உருவுகிற ஆயுர்வேத வைத்தியம்) போடலாமா என்று. மலைக்கு அந்தப் பக்கம் இதைச் சொல்லாத ஆளே கிடையாது. மூளை நரம்பு டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தொட்டு உருவவே கூடாது, உள்ளே ரத்தக் கட்டி இருக்கலாம். பிழிச்சல் போட்டாலும் போடாவிட்டாலும் பிரஷர் மாத்திரையை நிறுத்தக் கூடாது. பிசியோதெரபியைத் தள்ளிப்போடவும் கூடாது. முதல் மூன்று மாதத்தில் வருகிற முன்னேற்றம் பிறகு அந்த வேகத்தில் வராது.

திரும்பவும் வாய் கோணினாலோ, நல்ல கை தொங்கினாலோ, பேச்சு இன்னும் குழறினாலோ "தூங்கி எழுந்தா சரியாயிரும்" என்று இருக்காமல் உடனே 108. கட்டியைக் கரைக்கிற ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கணக்கு.

கேள்வி: அப்பாவுக்கு இதயம் பலவீனம் என்று கொல்லம் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஒரு வாரம் இருந்துவிட்டு வந்தோம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஆனால் ராத்திரி நாலைந்து தடவை மூத்திரத்துக்கு எழுந்திருக்கிறார், தூக்கமே இல்லை. எழுந்தால் கண்ணைக் கட்டுகிறது என்கிறார். போன வாரம் வாசல்படியில் விழுந்துவிட்டார். அங்கே கொடுத்த மாத்திரையோடு, முன்னாடி தென்காசியில் எழுதிய பிரஷர் மாத்திரையையும் விடாமல் கொடுக்கிறோம். வேறு என்ன குறை?
(ஒரு மகன், சுரண்டை)

பதில்: தம்பி, குறை உங்கள் கவனிப்பில் இல்லை. ஒரு சொல்லில் இருக்கலாம். என் கதையைக் கேளுங்கள்.

திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். நாக்கு மலையாளத்துக்குத் திரும்பிவிட்ட நேரம். வாசுதேவநல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர், இதய நோயாளி, டிஸ்சார்ஜ். அவர் மனைவியிடம் மாத்திரைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன். நீர் பிரிய வைக்கிற லாசிக்ஸ் அட்டையைக் காட்டி, "இது ராவிலே ஒண்ணு" என்றேன். அந்த அம்மா "ராவிலே ஒண்ணு" என்று திருப்பியும் சொன்னார். எனக்குத் திருப்தி. மலையாளத்தில் ராவிலே என்றால் காலை. வாசுதேவநல்லூரில் ராவிலே என்றால் ராத்திரி. மனிதர் பத்து மணிக்கு மாத்திரை போட்டுவிட்டு விடியவிடியக் கொல்லைக்கு நடந்தார். நாலாம் நாள் இருட்டில் தொட்டிக் கல் தடுக்கி மணிக்கட்டு முறிந்தது. மறுபரிசோதனைக்குக் கட்டோடு வந்து நின்றபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. "நீங்க சொன்னபடிதான் சிஸ்டர் கொடுத்தேன்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

நானே தமிழச்சி, எனக்கே இது நடந்தது. அங்கே மலையாளம் மட்டும் தெரிந்த ஒரு சின்னப் பெண் உங்களிடம் என்ன சொன்னாளோ, நீங்கள் என்ன கேட்டீர்களோ. இதோடு போகவில்லை. அவர்கள் 'வெள்ளம்' என்றால் குடிக்கிற தண்ணீர். 'சோர' என்றால் ரத்தம். "மூத்திரத்தில் சோர உண்டோ?" என்று டாக்டர் கேட்க, "சோறு உண்டாரு சார், நல்லா உண்டாரு" என்று பதில் சொன்ன பாட்டியை எனக்குத் தெரியும். வார்டே சிரித்தது. பாட்டியின் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே ரத்தம் போய்க்கொண்டிருந்தது.

ஆகவே முதல் வேலை: டிஸ்சார்ஜ் தாளை எடுத்து, நீர் மாத்திரை எந்த வேளைக்கு என்று எழுத்தில் பாருங்கள். 1-0-0 என்று இருந்தால் காலை ஒன்று மட்டும். முதல் எண் காலை, நடு எண் மதியம், கடைசி எண் ராத்திரி. இரண்டு வேளை எழுதியிருந்தாலும் இரண்டாவது பெரும்பாலும் சாயங்காலம் நாலு மணிக்குள் போட வேண்டியதாக இருக்கும்.

இரண்டாவது சந்தேகம் அந்தத் தென்காசி பிரஷர் மாத்திரை. கண்ணைக் கட்டுவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம். கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்து விற்கிறார்கள். ஸ்டாம்லோ என்று ஓர் அட்டை இருக்கும், ஆம்லாங் என்று இன்னொரு அட்டை இருக்கும். திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் பொடி எழுத்தில் ஆம்லோடிபின் என்று இருக்கும். இரண்டு பெயரில் ஒரே மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்துக்கொண்டிருப்போம். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். வீட்டில் இருக்கிற அத்தனை அட்டைகளையும், பழையது, புதியது, பாதி தீர்ந்தது எல்லாவற்றையும், ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். விழுந்த மனிதர், அதனால் நாளைக்கே போங்கள். தலையில் அடிபட்டதா என்றும் சொல்லுங்கள், ரத்தம் இளக்குகிற மாத்திரை ஏதாவது இருந்தால் அது முக்கியம்.

பிறகு தினமும் காலையில் மூத்திரம் போனதும், காபிக்கு முன்னால், ஒரே எடை மெஷினில் நிற்க வைத்துக் காலண்டரில் குறியுங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சாப்பாடு அல்ல, நீர். கால் வீங்கும்வரை காத்திருக்காமல் டாக்டருக்குச் சொல்லணும். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் உங்கள் வீட்டில் அவர் கண்ணில் படாத இடத்துக்குப் போகட்டும்.

கேள்வி: எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆகிப் பத்து நாள். மீன், முட்டை, கத்தரிக்காய், பருப்பு எல்லாம் சீழ் வைக்கும் என்று மாமியார் ரசம் சாதம் மட்டும் தருகிறார். சரியா?
(வாசகி, கடையநல்லூர்)

பதில்: மாமியாரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். புண் ஆறச் சதை வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். டாக்டர் வேண்டாம் என்று சொல்லாதவரை முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடலாம். கத்தரிக்காய் பிடிக்காவிட்டால் மட்டும் மாமியார் சொல்வதைக் கேளுங்கள்.

கேள்வி: ஆரியங்காவில் இருக்கும் என் மதினி வீட்டில், படுக்கையில் கிடக்கும் மாமாவுக்கு நர்ஸ் வீடு தேடி வந்து டியூப் மாற்றிவிட்டுப் போகிறார். பத்து மைல் இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு அப்படி எதுவும் கிடையாதா?
(வாசகர், பண்பொழி)

பதில்: உங்கள் பொறாமை நியாயமானது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டையும் திருவிதாங்கூர்-கொச்சிக் கணக்கில்தான் இருந்தது. மாநில எல்லைக் கோடு போட்டதும் ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஏற்பாடு. அங்கே கேரளத்தில் 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புக்கென்று ஒரு சங்கம் தொடங்கி, ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் சேர்ந்து வளர்த்தார்கள். 2008இல் அரசே அதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. பஞ்சாயத்து வழியாக நர்ஸ் வீட்டுக்கு வருவது அப்படித்தான்.

இங்கே கிடையாது என்று சொல்லாதீர்கள். மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ஆரம்பித்தது, அதுவும் ஓர் எல்லைப் பக்கத்து ஊர்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பதைத்தான் எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிப்பு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவதும் அதே திட்டத்தில் உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் ஒருத்தர் கிடக்கிறார் என்று அவர்களுக்குக் கனவு வராது. டிஸ்சார்ஜ் தாளின் ஜெராக்ஸோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ப் பெயரைப் பதிவு செய்யுங்கள். கிராம சுகாதார நர்ஸின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரம் வராவிட்டால் திரும்பப் போங்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. வலி தணிப்பு என்றால் சாகப்போகிறவர்களுக்கு என்று சிலர் பயந்து வேண்டாம் என்கிறார்கள். படுக்கைப்புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், டியூப் மாற்றுவதும், வலியைக் குறைப்பதும்தான் அவர்கள் வேலை.

கேள்வி: வீட்டுக்காரருக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி மூன்று மாதம். மகன் பெங்களூரு. பார்க்க வருகிறவர்கள் ஹார்லிக்ஸும் புத்திமதியும் தருகிறார்கள். எனக்கு முதுகு வலி, சொன்னால் குற்றமாக இருக்கிறது.
(பெயர் வேண்டாம், இலத்தூர்)

பதில்: குற்றம் ஒன்றும் இல்லை தாயி. முதலில் உங்கள் முதுகை டாக்டரிடம் காட்டுங்கள். அவரை எழுப்பும்போது உங்கள் இடுப்பை வளைத்துத் தூக்காதீர்கள். அவரே ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழட்டும். நீங்கள் முழங்காலை மடக்கி, ஒட்டி நின்று தாங்கினால் போதும். மூன்று மாதம் ஆன இடுப்புக்கு அவர் எவ்வளவு நடக்கணும் என்று எலும்பு டாக்டரிடம் அளவு கேட்டு வாருங்கள். சில ஆண்கள் மனைவி ஓடி வருகிற சுகத்தில் வாக்கரைத் தொடுவதே இல்லை.

ஹார்லிக்ஸ் கொண்டுவருகிறவரிடம் அடுத்த தடவை, "புதன்கிழமை சாயங்காலம் ரெண்டு மணி நேரம் இவர்கூட இருக்கீங்களா? நான் கோயிலுக்குப் போய்ட்டு வாரேன்" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் காணாமல் போவார்கள். மிச்சப் பாதி வருவார்கள். மகனிடம் பணம் மட்டும் கேட்காமல், மறுபரிசோதனைத் தேதி, இன்சூரன்ஸ் பேச்சு, மாத்திரை தீருகிற கணக்கு மூன்றையும் அவன் தலையில் வையுங்கள். அதெல்லாம் பெங்களூரிலிருந்து போனிலேயே செய்யலாம்.

கேள்வி: தையல் பிரித்து எல்லாம் சரியாகிவிட்டது. பழைய டிஸ்சார்ஜ் ஃபைலை இனி எடைக்குப் போடலாமா?
(வாசகர், அச்சன்புதூர்)

பதில்: போடாதீர்கள். அடுத்த தடவை ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த ஆஸ்பத்திரி வாசலில் நிற்பீர்களோ, அங்கே இருக்கிற டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். முதல் பக்கத்தையும் மாத்திரைப் பக்கத்தையும் வெளிச்சத்தில் வைத்துப் போனில் போட்டோ எடுத்து, வீட்டில் இரண்டு பேர் போனிலாவது வையுங்கள். எக்ஸ்ரேயைச் சுருட்டிப் பீரோமேல் சொருகாதீர்கள். சாரலுக்குப் பூஞ்சை பிடித்துவிடும்.